எடைக்கல்லையே நம்பாதவர்கள்: அமெரிக்கக் கன்சர்வேட்டிவ்களின் அவநம்பிக்கை, ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவில் தேர்தல் வந்தால் நம் வாட்ஸப் குழுக்களிலும் தேர்தல் வந்துவிடுகிறது. எங்கள் குடும்பக் குழுவில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு, டிரம்புக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் ‘பொய்ச் செய்தி பார்த்துக் கெட்டுப்போன கூட்டம்’. இன்னொரு கட்சிக்கு, ‘அமெரிக்க மீடியா மொத்தமும் விலைபோன மீடியா, அந்த ஆள் ஒருத்தர்தான் உண்மை பேசுறார்’. இரண்டு தரப்பும் தீர்ப்பிலிருந்தே பேச்சைத் தொடங்குவதால் கேள்வி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. கோடிக்கணக்கான மனிதர்கள் செய்தித்தாளையும் பல்கலைக்கழகத்தையும் அரசு அலுவலகத்தையும், கடைசியில் ஒரு பீர் கம்பெனியையும்கூட ஒரே சமயத்தில் ஏன் சந்தேகப்படுகிறார்கள்?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது. என் சொந்தக் கருத்து அங்கங்கே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

## முதலில் சொற்கள்

‘கன்சர்வேட்டிவ்’ என்பதை நாம் ‘பழமைவாதி’ என்று எழுதுகிறோம். உடனே பஞ்சாங்கம் பார்க்கும் தாத்தா ஞாபகத்துக்கு வருகிறார். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வகை ஆட்கள் உண்டு. வரியையும் அரசின் தலையீட்டையும் குறைக்கச் சொல்பவர்கள் ஒரு வகை. மதமும் குடும்பமும் சமூகத்தின் அச்சாணி என்பவர்கள் இன்னொரு வகை. ராணுவ பலமே நாட்டுக்குக் காவல் என்பவர்கள் மூன்றாவது. சோவியத் யூனியன் என்ற பொது எதிரி இருந்தவரை இந்த மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அவர்களுக்குள் சண்டையும் உண்டு. கன்சர்வேட்டிவ்களின் முக்கியப் பத்திரிகையான நேஷனல் ரிவ்யூ, 2016 ஜனவரியில் டிரம்பை எதிர்த்தே ஒரு சிறப்பிதழ் போட்டது.

இவர்களுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் ‘லிபரல்கள்’. நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. நமக்குச் சிவப்பு என்றால் இடதுசாரி. அங்கே ‘சிவப்பு மாநிலம்’ என்றால் குடியரசுக் கட்சியின் கோட்டை, அதாவது வலதுசாரிப் பக்கம். 2000ஆம் ஆண்டுத் தேர்தலில் தொலைக்காட்சி வரைபடங்களில் நிலைத்துவிட்ட வழக்கம் அது.

## கடைக்காரரும் எடைக்கல்லும்

சந்தையில் ஒரு கிலோ தக்காளி வாங்குகிறீர்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் எடை குறைகிறது. அடுத்த வாரம் வேறு கடைக்குப் போவீர்கள், அவ்வளவுதான். சந்தேகம் கடைக்காரர் மேல்.

ஆனால் அந்தச் சந்தையில் எல்லாக் கடைக்கும் எடைக்கல் ஒரே இடத்திலிருந்து வருகிறது, அதற்கு முத்திரை குத்துகிறவரும் அவர்களுடைய ஆள்தான் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டால்? இனி கடை மாற்றிப் பயனில்லை. ‘சந்தேகமா? இன்னொரு தடவை நிறுத்துக் காட்டட்டுமா?’ என்று கடைக்காரர் கேட்டால் கோபம்தான் வரும். அதே கல்லில்தானே நிறுப்பார்!

அமெரிக்கக் கன்சர்வேட்டிவ்களின் அவநம்பிக்கை இந்த இரண்டாவது வகை. குறிப்பிட்ட ஒரு செய்தி பொய் என்பதோடு அது நிற்பதில்லை. எது உண்மை, எது நாகரிகம், எது படிப்பு என்று அளந்து சொல்லும் இடங்கள் எல்லாமே எதிர்த்தரப்பின் கையில் இருக்கின்றன என்பது அவர்களின் எண்ணம். ‘நான் நேரில் பார்க்காததை இவர்கள் எனக்காக ஒழுங்காகச் சரிபார்த்திருப்பார்கள்’ என்று ஒரு மனிதர் பத்திரிகை மீதோ நீதிமன்றம் மீதோ வைக்கும் நம்பிக்கைக்கு ‘நிறுவன நம்பிக்கை’ என்று பெயர். அறுந்திருப்பது அதுதான். ஊடகங்கள் ‘உண்மை சரிபார்ப்பு’ என்று பக்கம் பக்கமாக வெளியிட்டும் அவர்களிடம் எடுபடாததற்கு இதுவே காரணம்.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் அரை நூற்றாண்டாக அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டு வருகிறது: செய்தி ஊடகங்கள் முழுமையாக, துல்லியமாக, நியாயமாகச் செய்தி தருகின்றன என்று நம்புகிறீர்களா? 1976இல் 72 விழுக்காட்டினர் நம்புவதாகச் சொன்னார்கள். 2024இல் அது 31. கட்சிவாரியாகப் பிரித்தால், ஜனநாயகக் கட்சியினரில் 54, குடியரசுக் கட்சியினரில் வெறும் 12.

## ஜெயித்தும் ஊர் மாறவில்லை

அரசியலிலிருந்து ஆரம்பிப்போம், இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். தோற்றவர்களுக்குத்தானே கசப்பு இருக்கும் என்று நினைப்போம். குடியரசுக் கட்சி 1968 முதல் 1988 வரை நடந்த ஆறு அதிபர் தேர்தல்களில் ஐந்தில் ஜெயித்தது. கசப்பு வளர்ந்ததும் அதே காலத்தில்தான்.

எப்படி? ஓட்டுப் பெட்டிக்கு வெளியே நடந்ததைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் அதிகாரப்பூர்வமாக ஜெபம் செய்விப்பது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. 1973இல் ரோ எதிர் வேட் தீர்ப்பு, கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியது. 2015இல் ஒருபால் திருமணம் எல்லா மாநிலங்களிலும் சட்டமானது. மூன்றும் நீதிமன்றத் தீர்ப்புகள். இதில் அவர்களை அதிகம் உறுத்தியது வேறொன்று. ரோ தீர்ப்பை எழுதிய ஹேரி பிளாக்மன், குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன் நியமித்தவர். தீர்ப்பை ஆதரித்த ஏழு நீதிபதிகளில் ஐந்து பேர் அந்தக் கட்சி அதிபர்களின் நியமனம். 2015 தீர்ப்பை எழுதிய ஆந்தனி கென்னடி, அதே கட்சி அதிபர் ரீகன் நியமித்தவர்! மதப்பற்றுள்ள ஒரு கன்சர்வேட்டிவின் கண்ணுக்கு இது வேலியே பயிரை மேய்ந்த கதை.

நிர்வாகத்திலும் இதே மனக்குறை. அமெரிக்க அதிபர் மாறும்போது அவர் விருப்பப்படி நிரப்பக்கூடிய பதவிகள் சுமார் 4,000. மத்திய அரசில் வேலை செய்யும் குடிமைப் பணியாளர்களோ 20 லட்சத்துக்கு மேல். ஆட்சி மாறினாலும் நாற்காலி மாறாத அந்தப் பெருங்கூட்டம், தாங்கள் தேர்ந்தெடுத்தவரை வேலை செய்யவிடாது என்ற சந்தேகத்துக்குத்தான் ‘டீப் ஸ்டேட்’ என்று பெயர். தமிழில் ‘ஆழ் அரசு’ என்கிறார்கள். நிரந்தர அதிகாரிகள் இழுத்தடிப்பது எந்த நாட்டிலும் உள்ளதுதான். அதை ஒரு ரகசியச் சதிக் கூட்டமாக ஆக்குவது மிகை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்பது சுலபம் என்பதால் விற்பனை அமோகமாக நடக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அவர்கள் பார்வையில் தேர்தல் என்பது கடைக்காரரை மாற்றும் வேலை. எடைக்கல் நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் பல்கலைக்கழகத்திலும் அப்படியே இருக்கிறது.

## மூன்று சேனல் காலத்தில் தொடங்கியது

ஊடகத்தின் மீதான கோபம் டிரம்ப் கண்டுபிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு டிரம்பின் அரசியலை விட அரை நூற்றாண்டு வயது அதிகம்.

1964 ஜூலை, சான் பிரான்சிஸ்கோவின் கௌ பேலஸ் அரங்கு. கன்சர்வேட்டிவ்களின் நாயகன் பாரி கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக்கிய மாநாடு. முன்னாள் அதிபர் ஐசன்ஹோவர் பேசும்போது, பரபரப்புக்காக எழுதும் பத்திரிகையாளர்களைப் பற்றி ஒரு வரி குத்தலாகச் சொன்னார். அரங்கமே எழுந்து நின்றது. பத்திரிகையாளர்கள் உட்கார்ந்திருந்த மேடையைப் பார்த்து முஷ்டியை ஆட்டிக் கூச்சலிட்டார்கள். அதே மாநாட்டில் என்பிசி தொலைக்காட்சி நிருபர் ஜான் சான்ஸலரைக் காவலர்கள் தூக்காத குறையாக வெளியேற்ற, ‘எங்கேயோ காவலில் இருந்து ஜான் சான்ஸலர்’ என்று நேரலையிலேயே சொல்லி அவர் தன் செய்தியை முடித்தார்.

அந்த வருடமே ஃபேக்ட் என்ற பத்திரிகை, கோல்ட்வாட்டர் மனநிலை சரியானவர்தானா என்று 12,000க்கும் மேற்பட்ட மனநல மருத்துவர்களுக்குக் கேள்வி அனுப்பியது. அவரை ஒரு முறைகூடப் பரிசோதிக்காத 1,189 பேர் ‘அதிபராகத் தகுதியற்றவர்’ என்று பதில் எழுதினார்கள். கோல்ட்வாட்டர் வழக்குப் போட்டு ஜெயித்தார். நேரில் பார்க்காத பிரமுகருக்கு நோய்ப் பெயர் சூட்டக்கூடாது என்று மனநல மருத்துவர் சங்கம் 1973இல் விதி போட்டது. அதை இன்றும் ‘கோல்ட்வாட்டர் விதி’ என்றே சொல்கிறார்கள். ‘படித்தவன் சொல்கிறான், அறிவியல் சொல்கிறது’ என்றாலே ஒரு கன்சர்வேட்டிவ் புருவம் ஏன் உயர்கிறது என்று கேட்டால், இந்தக் கதையை நான் முதலில் சொல்வேன்.

ஆனால் வேர்களில் எல்லாமே இப்படி நியாயமானவை இல்லை. கறுப்பினத்தவருக்குச் சம உரிமை தந்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர் கோல்ட்வாட்டர். அவர் ஜெயித்த ஆறு மாநிலங்களில் ஐந்து, நிறவெறி வேரூன்றிய தெற்கு மாநிலங்கள். அதற்கு முந்தைய வருடம்தான் பர்மிங்ஹாமில் கறுப்பினச் சிறுவர்கள் மீது போலீஸ் நாய்களை ஏவியதையும் தண்ணீரைப் பீய்ச்சியதையும் வடக்கிலிருந்து வந்த தொலைக்காட்சிக் கேமராக்கள் நாட்டுக்கே காட்டியிருந்தன. ‘வெளியூர் மீடியா நம்மைக் கேவலப்படுத்துகிறது’ என்ற தெற்கத்திய வெள்ளையர்களின் கோபத்தில், படம் பிடிபட்டுவிட்டதே என்ற கோபமும் கலந்திருந்தது. இதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொல்வது பாதி எடைதான்.

அந்தக் கோபத்துக்கு மொழி கொடுத்தவர் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ. 1969 நவம்பர் 13 அன்று அயோவாவின் டெமோயின் நகரில் பேசினார். நாட்டுக்கு எந்தச் செய்தி போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு சின்னக் கூட்டம், அவர்கள் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வாழ்கிறவர்கள், அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை என்பதே பேச்சின் சாரம். வேடிக்கை என்னவென்றால், திட்டு வாங்கிய ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் மூன்றுமே அதை நேரலையில் ஒளிபரப்பின. அப்போது தொலைக்காட்சி என்றால் பெரும்பாலும் அந்த மூன்று சேனல்கள்தான். (ஆக்னியூ பின்னால் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகினார். பேச்சு மட்டும் தங்கிவிட்டது.)

## சொந்தத் தராசு

பொதுத் தராசு பிடிக்கவில்லை என்றால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? சொந்தமாக ஒன்று வாங்குவார்கள். அதற்கு ஒரு விதி குறுக்கே நின்றது. பொதுப் பிரச்சினைகளில் இரு தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்று ஒலி, ஒளிபரப்பு நிலையங்களைக் கட்டாயப்படுத்திய 1949ஆம் வருடத்து விதி அது. ‘நியாய விதி’ என்று வைத்துக்கொள்வோம். 1987இல் ரீகன் ஆட்சியில் அது நீக்கப்பட்டது. மறு வருடமே ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர் நாடு தழுவிய நிகழ்ச்சியைத் தொடங்கினார். நாளுக்கு மூன்று மணி நேரம், ஒரே தரப்பு. உச்சத்தில் 600க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதை ஒலிபரப்பின. லாரி ஓட்டுகிறவர், வயலில் டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர், சர்வீஸ் ஸ்டேஷனில் வேலை செய்பவர் எல்லாரும் முதல்முறையாகத் தங்கள் மனதில் இருந்ததை வேறொருவர் வாயால் கேட்டார்கள். 1996 அக்டோபரில் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சி வந்தது. அதை நடத்தியவர் நிக்சனுக்குத் தொலைக்காட்சி ஆலோசகராக இருந்த ராஜர் எய்ல்ஸ்.

கவனிக்க வேண்டியது, சொந்தத் தராசு விற்கிறவரின் வியாபாரம் எதில் ஓடுகிறது என்பதை. மற்ற தராசுகள் எல்லாம் மோசடி என்று வாடிக்கையாளர் நம்பும்வரைதான் ஓடும். ஆகவே சந்தேகத்தைத் தினம் ஊட்டி வளர்க்க வேண்டும். 2020 தேர்தலில் மோசடி நடந்தது என்ற கூற்று அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் நிற்கவில்லை. ஆனாலும் ஃபாக்ஸ் திரையில் அது ஓடியது. வாக்கு எந்திர நிறுவனமான டொமினியன் தொடுத்த அவதூறு வழக்கில், திரையில் வந்த பிரபலங்களே தங்களுக்குள் அந்தக் கூற்றைக் கிண்டல் செய்த குறுஞ்செய்திகள் வெளிவந்தன. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து ஃபாக்ஸ் சமரசம் செய்துகொண்டது. உண்மையைச் சொன்னால் நேயர்கள் இன்னும் தீவிரமான சேனலுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அந்தச் செய்திகளில் அப்பட்டமாகத் தெரிந்தது.

பழைய தராசுக்காரர்களும் தங்கள் பங்குக்குச் சந்தேகத்துக்குத் தீனி போட்டார்கள். 2020 அக்டோபரில், தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கையில், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பைடனின் மகனுடைய மடிக்கணினியில் இருந்ததாகச் சில மின்னஞ்சல்களை நியூயார்க் போஸ்ட் பத்திரிகை வெளியிட்டது. ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பையே பகிரவிடாமல் தடுத்தது. முன்னாள் உளவுத்துறையினர் 51 பேர், இதில் ரஷ்யாவின் கைவரிசை தெரிகிறது என்று கடிதம் எழுதினார்கள். 2022இல் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அந்த மின்னஞ்சல்களில் பலவற்றை உண்மையானவை என்று உறுதிசெய்தன. தடுத்தது தவறு என்று ட்விட்டரின் அன்றைய தலைவரே ஒப்புக்கொண்டார். ஒரு தடவை சூடு பட்டவருக்குப் பத்து தடவை ஞாபகம் வரும்.

செய்தி அறைக்குள் இருப்பவர்கள் யார் என்பதும் உதவவில்லை. 2022இல் நடந்த ஓர் ஆய்வில், தங்களைக் குடியரசுக் கட்சியினர் என்று சொன்ன பத்திரிகையாளர்கள் 3.4 விழுக்காடுதான். அதனால் அவர்கள் எழுதுவது பொய்யாகிவிடாது. ஆனால் எது ‘செய்தி’ என்று காலையில் தேர்ந்தெடுக்கும்போது, அறையில் எல்லாரும் ஒரே மாதிரி நினைப்பவர்கள் என்றால் சில விஷயங்கள் யாருக்குமே தோன்றாமல் போகும்.

## கோடீஸ்வரர் எப்படிச் சாமானியர் ஆனார்?

தங்கக் குழாய் வைத்த வீட்டில் இருக்கும் டிரம்பைத் தொழிலாளர்கள் தங்கள் ஆள் என்பது எப்படி? அங்கே ‘எலீட்’, அதாவது மேல்தட்டு என்பதற்கு அளவு பணம் இல்லை. எது சரியான பேச்சு, எது கேவலமான பேச்சு என்று மற்றவர்களுக்குச் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர்களே மேல்தட்டு. அந்தக் கணக்கில் வாடகை வீட்டில் இருக்கும் உதவிப் பேராசிரியர் மேல்தட்டு, கோபுரம் கட்டிய டிரம்ப் இல்லை. நேஷனல் ரிவ்யூவைத் தொடங்கிய வில்லியம் பக்லி, ஹார்வர்டு பேராசிரியர்கள் ஆள்வதைவிடத் தொலைபேசிப் புத்தகத்தின் முதல் 2,000 பெயர்கள் ஆண்டால் தேவலை என்றார். பக்லி பணக்கார வீட்டுப் பிள்ளை, யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர் என்பது வேறு கதை.

2008இல் ஒபாமா சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நிதி திரட்டும் கூட்டத்தில், நலிந்த ஊர்க்காரர்கள் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்றார். 2016இல் ஹிலாரி கிளின்டன், டிரம்ப் ஆதரவாளர்களில் பாதிப் பேரை ‘கேடுகெட்டவர்கள் கூடை’யில் போடலாம் என்றார். அவர்களுடைய வரிக்கொள்கை யாருக்கும் ஞாபகம் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருக்கின்றன.

## பீர் எங்கிருந்து வந்தது?

வாழ்க்கை முறைச் சண்டைக்கு ‘பண்பாட்டுப் போர்’ என்று பெயர். 1992இல் குடியரசுக் கட்சியின் ஹூஸ்டன் மாநாட்டில் கன்சர்வேட்டிவ் தலைவர் பேட் புகானன் இந்தச் சொல்லை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தார். ஆக்னியூவின் டெமோயின் உரையை எழுதிக் கொடுத்தவரும் இவரேதான்.

அடியில் ஒரு உண்மையான மாற்றம் இருக்கிறது. 1999இல் அமெரிக்கர்களில் 70 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு தேவாலயத்திலோ வழிபாட்டு மன்றத்திலோ உறுப்பினர்கள். 2020இல் 47. ஒரு தலைமுறைக்குள் பாதிக்குக் கீழே. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரே ஒரே இடத்தில் கூடிய காலத்தைப் பார்த்த மனிதருக்கு இது வெறும் புள்ளிவிவரம் கிடையாது. பிள்ளைகள் பள்ளியில் வேறு எதையோ கற்றுக்கொள்கிறார்கள் என்று பயந்தவர்கள் வீட்டிலேயே பாடம் நடத்தினார்கள். 1993 வாக்கில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் மீது மிகுந்த நம்பிக்கை வைத்திருந்த குடியரசுக் கட்சியினர் 2015இல் 56 விழுக்காடு. 2023இல் 19.

பெருநிறுவனங்கள் மட்டும் பல காலம் இவர்கள் பக்கத்து ஆளாகத் தெரிந்தன. 2023இல் பட் லைட் பீர், திருநங்கையான ஒரு சமூக ஊடகப் பிரபலத்தை வைத்து ஒரு சின்ன விளம்பரம் செய்ததும் பெரும் புறக்கணிப்பு வெடித்தது. இருபது வருடத்துக்கும் மேலாக விற்பனையில் முதலிடத்தில் இருந்த பீர் சில வாரங்களில் அதை இழந்தது. நம் ஆட்களுக்குச் சிரிப்பு வந்தது, ஒரு டின் பீருக்கா இவ்வளவு என்று. ‘நம் மேஜையில் இருந்த பொருளும் அந்தப் பக்கம் போய்விட்டது’ என்று அவர்கள் அதைப் படித்தார்கள். முதலிடத்துக்கு வந்தது மெக்சிகோ பீர் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது. பாலக்காட்டிலிருந்து போன குடும்பத்துப் பிள்ளை, தமிழும் பேசும் விவேக் ராமசாமி அதே வருடம் அதிபர் வேட்பாளர் போட்டியில் இறங்கியதும் பெருநிறுவனங்களின் இந்தப் போக்கைத் திட்டித்தான்.

## பக்கத்து வீட்டுப் பெரியவர்

என் அண்ணன் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறார். 2021 பிப்ரவரியில் டெக்ஸாஸே பனியில் உறைந்து மின்சாரம் போனபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஒயரை வேலி வழியாக இழுத்துக் கொடுத்தார். சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் கொடி, வண்டியில் டிரம்ப் ஸ்டிக்கர். தேசியச் செய்திகளைப் பார்ப்பதை விட்டுப் பத்து வருடம் ஆச்சாம். எல்லாம் பொய் என்பார். ஆனால் உள்ளூர் சேனலின் வானிலை அறிவிப்பாளர் ‘குழாயைச் சொட்ட விடுங்கள், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும்’ என்று சொன்னதும் தெரு முழுக்க நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தவர் அவர்தான்.

அண்ணன் கேட்டிருக்கிறார், அவனும் மீடியாதானே, அவனை மட்டும் ஏன் நம்புகிறீர்கள் என்று. பெரியவர் சொன்ன பதில்: “அவன் பொய் சொன்னால் சனிக்கிழமை கடையில் என்னிடம் மாட்டிக்கொள்வான்.”

இந்த ஒரு வாக்கியத்தில் பாதிக் கட்டுரை அடங்கிவிடுகிறது. எடைக்கல் வைத்திருப்பவர் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் நம்பிக்கை இருக்கிறது. 2005க்குப் பிறகு அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செய்தித்தாள்கள் மூடப்பட்டுவிட்டன, பெரும்பாலானவை சிறு ஊர்களின் வாரப் பத்திரிகைகள். பள்ளிக்கூடப் பந்தயத்தையும் பஞ்சாயத்துக் கூட்டத்தையும் எழுதிய, தெருவில் பார்த்துச் சண்டை போடக்கூடிய நிருபர் போய்விட்டார். மிச்சம் இருப்பது நியூயார்க்கிலிருந்து வரும் குரல், அல்லது அந்தக் குரலைத் திட்டும் குரல்.

இப்போது நிலைமை என்ன? 2022இல் ரோ தீர்ப்பு ரத்தானது. 2025இல் வெள்ளை மாளிகை, நாடாளுமன்றத்தின் இரு அவைகள், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர், எல்லாம் இவர்கள் கையில். அந்த வருடமே கேலப் மறுபடி கேட்டது. ஊடகத்தை நம்பும் குடியரசுக் கட்சியினர் 8 விழுக்காடு. இன்னொரு பக்கம், உச்ச நீதிமன்றத்தின் எடைக்கல்லில் மோசடி என்று இப்போது சொல்லிக்கொண்டிருப்பது லிபரல்கள்.

போன மாதம் பேசியபோது அண்ணன் சொன்னார், பெரியவர் ஃபாக்ஸையும் நிறுத்திவிட்டாராம், அவர்களும் விலைபோய்விட்டார்களாம். நாள் முழுக்கக் காதில் ஏதோ பாட்காஸ்ட். மழை வருமா என்று பார்க்க மட்டும் மாலை ஆறு மணிக்குப் பழைய உள்ளூர் சேனலைப் போடுகிறார்.